'பொய்' சாப்பிடாம ஹவாய்ல இருந்து திரும்பாதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன மாசம் ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் முதல் பெரிய ட்ரிப், அஞ்சு நாள் ஹவாய். கணவர் சைவம், இவங்க எல்லாமே சாப்பிடுவாங்க. "நெட்ல தேடினா அன்னாசிப்பழம் போட்ட பீட்சாவும் போகே பௌலும்தான் வருது. அங்க இருக்கிறவங்க நிஜமாவே என்னதான் சாப்பிடுறாங்க?"ன்னு கேட்டிருந்தாங்க. நான் ரெண்டு வருஷம் முன்னாடி ஒவாஹுலயும் கவாய்லயும் பத்து நாள் இருந்தேன். திரும்பி வந்ததுல இருந்து இதைப் பத்தி பேசணும்னு ஆசை. இந்த மெயில் நல்ல சாக்கு.

முதல்ல பீட்சாவை முடிச்சிடலாம். ஹவாயன் பீட்சா பிறந்தது 1962ல, கனடாவுல. கிரேக்க நாட்டுல இருந்து குடியேறின ஒரு உணவகக்காரர் பண்ணினது. அவர் திறந்த அன்னாசி டின் மேல இருந்த பிராண்ட் பேர்தான் அந்தப் பீட்சாவோட பேர். அன்னாசியே தென் அமெரிக்கப் பழம். ஆச்சு.

அடுத்தது ரெண்டு சொல். இது புரிஞ்சா மெனு கார்டு பாதி புரிஞ்ச மாதிரி. ஹொனலுலுல யார்கிட்டயாவது "ஹவாயன் ஃபுட் எங்க கிடைக்கும்"னு கேட்டா ஒரு கடையைக் காட்டுவாங்க. "லோக்கல் ஃபுட் எங்க"ன்னு கேட்டா வேற கடையைக் காட்டுவாங்க. ஹவாயன்னா அங்க பிறந்தவங்க எல்லாரும் இல்ல. அந்தத் தீவுகளோட பூர்வகுடி மக்களை மட்டும்தான் அப்படிச் சொல்லுவாங்க. நாலு தலைமுறையா ஹொனலுலுல இருக்கிற ஜப்பானிய வம்சாவளிக்காரர் தன்னை 'லோக்கல்'னுதான் சொல்லிக்குவார். சாப்பாட்டுக்கும் அதே கணக்கு. கரும்புத் தோட்டங்களுக்கு வந்த சீனர், ஜப்பானியர், போர்த்துகீசியர், கொரியர், ஃபிலிப்பினோக்கள் எல்லாரும் சேர்ந்து உண்டாக்கினது லோக்கல். அதுக்கும் முன்னாடி, பசிபிக் கடல்ல படகுல வந்த பாலினேசியர்கள் கொண்டு வந்த செடியிலயும் மிருகத்துலயும் உருவானது ஹவாயன். ரெண்டும் நல்லா இருக்கும். ஆனா இன்னைக்கு நான் அதிகம் பேசப் போறது ரெண்டாவதைப் பத்தி. அதுலயும் குறிப்பா ஒரு பொருளைப் பத்தி.

அதோட பேர் 'பொய்'. சத்தியமா. உச்சரிப்பும் அப்படியேதான்.

'பொய்'ங்கிறது வேகவைச்ச கிழங்கை இடிச்சு, தண்ணி விட்டுக் குழைச்ச ஒரு கூழ். பார்க்க சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம். கிண்ணத்துல மொழுமொழுன்னு பளபளக்கும். சுற்றுலா வர்றவங்க நூறு வருஷத்துக்கும் மேலா இதை வால்பேப்பர் ஒட்டுற பசைன்னு கிண்டல் பண்ணிட்டு இருக்காங்க. பயண வீடியோக்கள்லயும் ஒரே காட்சிதான். ஒரு ஸ்பூன் வாயில வைப்பாங்க, முகத்தைச் சுளிப்பாங்க, கட். ஹவாய் சாப்பாட்டுல எதை விட்டாலும் விடுங்க, இதை விடாதீங்கன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு.

அந்தக் கிழங்கு நமக்குத் தெரிஞ்ச கிழங்குதான். அங்க பேர் 'கலோ', நமக்குச் சேப்பங்கிழங்கு. தாவரவியல்ல ரெண்டுக்கும் ஒரே பேர், கொலோகேசியா எஸ்குலென்டா. நம்ம மார்க்கெட்ல வர்றது தாய்க்கிழங்கைச் சுத்தி வளர்ற சின்னச் சின்னக் கிழங்கு. அங்க சாப்பிடுறது பெருசா வளர்ற தாய்க்கிழங்கு. குணம் அதேதான். சரியா வேகலைன்னா நாக்கும் தொண்டையும் அரிக்கும். கிழங்குக்குள்ள ஊசி ஊசியா கால்சியம் ஆக்ஸலேட் படிகம் இருக்கறதுதான் காரணம். நம்ம வீட்டுல புளி சேர்ப்போம். அவங்க மணிக்கணக்கா வேக வைப்பாங்க.

வெந்த கிழங்கைத் தோல் சுரண்டி, மரப்பலகை மேல வைச்சு, கைக்கு அடங்கற ஒரு கல்லால இடிப்பாங்க. நம்ம குழவியை நிமிர்த்தி வைச்ச மாதிரி, அடி அகலமா, மேல பிடி ஒல்லியா இருக்கும் அந்தக் கல். தண்ணி அதிகம் சேர்க்காம இடிச்சா கெட்டியா, களி மாதிரி ஒரு உருண்டை வரும். அதுக்குப் பேர் 'பாயிஐ'. பல நாள் கெடாது. படகுப் பயணத்துக்கே கட்டிக்கிட்டுப் போன சாப்பாடு. அதுல தண்ணி விட்டுக் குழைச்சா 'பொய்'. எவ்வளவு கெட்டிங்கிறதை விரல்ல சொல்லுவாங்க. ஒரு விரல்ல அள்ளினா நிக்கிறது ஒரு விரல் 'பொய்'. மூணு விரல் தேவைப்பட்டா அது தண்ணியா இருக்குன்னு அர்த்தம்.

இப்ப ருசி. இடிச்ச அன்னைக்கு லேசான இனிப்பு. அப்புறம் ஒவ்வொரு நாளும் புளிக்கும். வேலை செய்றது லாக்டிக் அமில பாக்டீரியா, நம்ம இட்லி மாவுல இருக்கிற அதே கூட்டம். புதுசா வேணுமா, ரெண்டு நாள் ஆனது வேணுமா, நல்லா புளிச்சது வேணுமாங்கிறது அங்க வீட்டுக்கு வீடு மாறும். பழைய ஆளுங்க பெரும்பாலும் புளிச்சதுக்குத்தான் ஓட்டுப் போடுவாங்க.

வீடியோக்காரங்க எல்லாரும் கோட்டை விடுற இடம் ஒண்ணு உண்டு. 'பொய்'யைத் தனியா ஸ்பூன்ல எடுத்து வாயில வைச்சு மார்க் போடக் கூடாது. வெறும் பழைய சோத்தை ஒரு வாய் தின்னுட்டு "உப்பே இல்லையே"ன்னு சொல்ற மாதிரி அது. பழைய சோத்துக்கு ஒரு கருவாடோ, ஊறுகாயோ, கடிச்சுக்க ஒரு சின்ன வெங்காயமோ வேணும்ல? 'பொய்' அதே வேலையைத்தான் செய்யுது. பக்கத்துல உப்பு தூக்கலான பன்றிக்கறி, உப்பு மீன், பச்சை வெங்காயம் இருக்கும். ஒரு விரல் 'பொய்', ஒரு துண்டு கறி, மறுபடி 'பொய்'. உப்பைப் புளிப்பு அடக்கும், கொழுப்பைக் கூழ் கழுவிடும். நாலாவது வாய்ல உங்களுக்கே புரியும். தயிர் சாதத்துல வளர்ந்த நாக்குக்கு இது கஷ்டமே இல்ல. எனக்கு ரெண்டாவது நாளே, கறி இல்லாம 'பொய்' மட்டும் இன்னொரு கிண்ணம் கேக்கற அளவுக்கு ஆயிடுச்சு.

ஹவாய் குடும்பங்கள்ல குழந்தைக்கு முதல்ல ஊட்டுற திட உணவு பெரும்பாலும் இதுதான். அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. வான தந்தை வாகேஆவுக்கும் ஹோஓஹோகூகலானிக்கும் பிறந்த முதல் குழந்தை இறந்தே பிறந்தது. அதைப் புதைச்ச இடத்துல முளைச்சதுதான் முதல் கலோச் செடி. அடுத்துப் பிறந்த குழந்தைக்கு ஹாலோஆன்னு பேர். ஹவாய் மக்கள் எல்லாரும் அவனோட வம்சம். அப்படிப் பார்த்தா அந்தக் கிழங்கு அவங்களுக்கு அண்ணன். அண்ணன் சோறு போடுறான், தம்பி அண்ணனைப் பார்த்துக்கணும். 'ஓஹானா'ன்னு குடும்பத்துக்குச் சொல்ற சொல்லை டிஸ்னி படத்துல கேட்டிருப்பீங்க. அந்தச் சொல்லே 'ஓஹா'ங்கிறதுல இருந்து வந்தது. தாய்க்கிழங்குல இருந்து பக்கத்துல கிளைக்கிற கன்றுக்குப் பேர்தான் ஓஹா. 'பொய்'க் கிண்ணம் திறந்து இருக்கும்போது வீட்டுல சண்டை போடக் கூடாதுன்னு ஒரு வழக்கமும் இருக்கு. பெரியவர் முன்னாடி குரல் உயர்த்தாத மாதிரி.

இப்ப இந்த அண்ணனோட நிலைமைக்கு வருவோம். நீங்க ஹவாய் போனா பெரும்பாலும் தங்கப் போறது வைகிகி கடற்கரையில. வரிசையா ஹோட்டல், ஷாப்பிங். வைகிகின்னா பீறிட்டு வர்ற தண்ணின்னு அர்த்தம். அந்த இடம் முழுக்க ஒரு காலத்துல சதுப்பு நிலம். மலையில இருந்து இறங்கின ஓடைத் தண்ணியில கலோ வயல், மீன் குளம், பின்னாடி நெல் வயலும் இருந்தது. 1920கள்ல அலா வை கால்வாயை வெட்டி, தண்ணியை வடிச்சு, மண்ணைக் கொட்டி மேடாக்கினாங்க. ஹோட்டல் லாபில நிக்கிறோம்னா ஒரு பழைய கலோ வயல் மேல நிக்கிறோம்னு அர்த்தம். ஏரியைத் தூர்த்த இடத்துல வீடு கட்டி வாழ்ற நமக்கு இதை விளக்க வேண்டியதில்ல.

கலோ வயலை 'லோஇ'ன்னு சொல்லுவாங்க. நெல் வயல் மாதிரி வரப்பு, தேங்கின தண்ணி. ஆனா தேங்கினா மட்டும் போதாது, தண்ணி குளிர்ச்சியா ஓடிக்கிட்டே இருக்கணும். வெதுவெதுன்னு ஆச்சுன்னா கிழங்கு அழுகிடும். அதனால ஓடையில இருந்து வாய்க்கால் வெட்டி வயலுக்கு விட்டு, ஒரு வயல்ல இருந்து அடுத்த வயல் வழியா இறக்கி, கடைசியில மறுபடி ஓடைக்கே திருப்பி விடுவாங்க. கீழ இருக்கிறவனுக்கும் தண்ணி, கடலோர மீன் குளத்துக்கும் தண்ணி. ஹவாய் மொழியில 'வை'ன்னா நல்ல தண்ணி. அதையே ரெண்டு தடவை சொன்னா 'வைவை', செல்வம்னு அர்த்தம்.

அப்புறம் கரும்பு வந்தது. 1876ல அமெரிக்காவோட வரியில்லா வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும் சர்க்கரைத் தொழில் வெறி பிடிச்ச மாதிரி வளர்ந்தது. கரும்புக்கு வெயிலும் வேணும், ஏகப்பட்ட தண்ணியும் வேணும். வெயில் தீவோட ஒரு பக்கம், மழை இன்னொரு பக்கம். அதனால மலையைக் குடைஞ்சு, மழைப் பக்க ஓடைகளைத் திருப்பி, வெயில் பக்கத்துக்குக் கொண்டு போனாங்க. மாவித் தீவுல 1870கள்லயே ஆரம்பிச்சாச்சு. ஒவாஹுல 1913ல இருந்து 1916 வரைக்கும் வையாஹோலே கால்வாயை வெட்டினாங்க. இந்தத் தண்ணி மறுபடி ஓடைக்குத் திரும்பல. கீழ இருந்த கலோ வயல் காய்ஞ்சது, குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போச்சு. இதுக்கு நடுவுல 1893ல அரசி லிலியுஓகலானியை ஆட்சியில இருந்து இறக்கினாங்க. 1898ல அமெரிக்கா தீவுகளைத் தன்னோட சேர்த்துக்கிச்சு.

ஒரு காலத்துல கிட்டத்தட்ட முன்னூறு வகை கலோவுக்குப் பேர் வைச்சிருந்த மக்கள் அவங்க. இன்னைக்கு அதுல சின்னப் பங்குதான் மிச்சம். ஹவாய்ல சாப்பிடுற உணவுல 85 முதல் 90 சதவீதம் வெளியில இருந்து கப்பல்ல வர்றதுன்னு பொதுவா ஒரு கணக்கு சொல்லுவாங்க. அரிசி மலிவு, 'பொய்' விலை அதிகம். அவங்களோட சொந்தச் சோறு விசேஷ நாள் சாப்பாடா மாறினது இப்படித்தான். இன்னைக்கு மாநிலத்துல விளையற கலோவுல பெரும்பங்கு ஒரே ஒரு பள்ளத்தாக்குல இருந்து வருது, கவாய் தீவுல ஹனலெய். மேல சாலையோரம் ஒரு இடத்துல வண்டியை நிறுத்திப் பார்க்கலாம். கண்ணாடித் துண்டு அடுக்கின மாதிரி வயல். நம்ம ஊர்ல நாத்து நட்ட வயலைப் பார்க்குற அதே உணர்வு. அங்க ஒரு வெள்ளம் வந்தா தீவு முழுக்க 'பொய்' தட்டுப்பாடு.

இது சோகக் கதை மட்டும் இல்ல. கரும்புக் கம்பெனிகள் ஒண்ணொண்ணா மூடின பிறகு, "தண்ணி இப்ப யாருக்கு?"ன்னு மக்கள் கேஸ் போட்டாங்க. வையாஹோலே வழக்குல 2000ல ஹவாய் உச்ச நீதிமன்றம், தண்ணி பொதுச்சொத்து, அரசு மக்களுக்காக அதைக் காப்பாத்த வேண்டிய பொறுப்புல இருக்குன்னு தீர்ப்பு சொன்னது. மாவியில கடைசி கரும்புத் தோட்டம் 2016 கடைசியில மூடினது. 2018ல மாநிலத் தண்ணீர் ஆணையம் கிழக்கு மாவியில பல ஓடைகளுக்குத் தண்ணியைத் திருப்பி விடச் சொல்லி உத்தரவு போட்டது. சண்டை இன்னும் முழுசா முடியல. ஆனா தண்ணி வந்த இடத்துல இளைஞர்கள் திரும்பி வந்து வரப்பு கட்டுறாங்க. செடியும் ஒத்துழைக்குது. கிழங்கை வெட்டி எடுத்துட்டு மேல் தண்டை மறுபடி சேத்துல ஊனினா போதும், அதே செடி மறுபடி வளரும். தாத்தா நட்ட செடியோட தொடர்ச்சியைத்தான் பேரன் நடுறான்னு சொன்னா அது உவமை இல்ல, உயிரியல்.

இன்னொரு சண்டை சமையல் பலகை மேல நடந்தது. கையால இடிச்ச பாயிஐயைக் கடையில விக்கச் சுகாதார விதி இடம் கொடுக்கல. மரப்பலகை, கல், இதெல்லாம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கிற எஃகு மேசைக் கணக்குல வராது. பல நூறு வருஷமா சாப்பிட்ட சாப்பாடு சட்டப்படி விக்க முடியாத பொருளாயிடுச்சு. மாணவர்களும் விவசாயிகளும் சட்டமன்றத்துக்குப் போய்ப் பேசி, 2011ல அதுக்குன்னு தனிச் சட்டமே கொண்டு வந்தாங்க. அதனாலதான் இன்னைக்கு உங்களுக்குக் கையால இடிச்சது கிடைக்குது. மெஷின்ல அரைச்சதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம், மிக்ஸி சட்னிக்கும் அம்மிச் சட்னிக்கும் உள்ள வித்தியாசம்தான்.

சரி, தட்டுல மத்தது.

காலுஆ பன்றி. காலுஆன்னா குழியில சமைக்கிறதுன்னு அர்த்தம். மண்ணுல குழி வெட்டி, விறகு எரிச்சு, எரிமலைக் கல்லைச் சூடாக்கி, அது மேல வாழைத்தண்டை நசுக்கிப் பரப்பி, உப்பு தேய்ச்ச முழுப் பன்றியை வைச்சு, இலையால மூடி, ஈரச்சாக்கு போட்டு, மண்ணைத் தள்ளி மூடிடுவாங்க. வாழைத்தண்டுல இருக்கிற தண்ணிதான் ஆவியாகிக் கறியை வேக வைக்கும். பல மணி நேரம் கழிச்சுத் திறந்தா கறி நூல் நூலாப் பிரியும். உப்பும் புகையும் தவிர வேற மசாலா கிடையாது. நம்ம நாக்கு முதல்ல "மிளகாய் எங்க?"ன்னு கேக்கும். கேக்கட்டும். பல கடைகள்ல இப்ப அவன்ல வைச்சு, பாட்டில் புகைச்சாறு ஊத்திச் செய்றாங்க. குழியில செய்றதான்னு கடையில கேளுங்க, சந்தோஷமா பதில் சொல்லுவாங்க.

லாவ்லாவ் எனக்கு இதை விடப் பிடிச்சது. சேப்பிலைக்குள்ள பன்றிக்கறியும் ஒரு துண்டு உப்பு மீனும் வைச்சு, அதை 'டீ' இலையில பொட்டலமாக் கட்டி, மணிக்கணக்கா ஆவியில வேக வைப்பாங்க. குடிக்கிற டீ இல்ல, அது வேற செடி. வெளி இலையைப் பிரிச்சுப் போட்டுடணும், தின்னக் கூடாது. நம்ம கொழுக்கட்டைக்கு வாழையிலை மாதிரி. உள்ள இருக்கிற சேப்பிலை கீரைக் கடைசல் மாதிரி கரைஞ்சு, கறியோட கொழுப்பைக் குடிச்சிருக்கும்.

அந்தச் சேப்பிலைக்குப் பேர்தான் 'லூஆவ்'. ஹோட்டல்ல டிக்கெட் போட்டு விக்கிற லூஆவ் விருந்துக்கு அந்தப் பேர் வந்ததே இலையில இருந்துதான். அதுக்கு முன்னாடி விருந்துக்கு வேற சொல் இருந்தது. விருந்தோட விதியும் வேற. 1819க்கு முன்னாடி ஆணும் பெண்ணும் சேர்ந்து உக்காந்து சாப்பிடக் கூடாது. பெண்களுக்குப் பன்றிக்கறி கூடாது, தேங்காய் கூடாது, பெரும்பாலான வாழைப்பழ வகை கூடாது, சில மீன் கூடாது. மீறினா மரண தண்டனை வரைக்கும் போகும். சமைக்கிறது ஆம்பளைங்கதான், ரெண்டு பேருக்கும் தனித்தனிக் குழி. 1819ல முதலாம் கமெஹமெஹா மன்னர் இறந்த சில மாசத்துல, அவரோட மனைவிகள் காஅஹுமனுவும் கியோபுவோலானியும் புது மன்னரான லிஹோலிஹோவை நெருக்கினாங்க. எல்லாரும் பார்க்க அவர் பெண்கள் பந்தியில உக்காந்து சாப்பிட்டார். ஒரு வாய் சாப்பாட்டுல ஒரு மதச் சட்டமே விழுந்தது. பெண்கள் காலுஆ பன்றி சாப்பிடுற ஒவ்வொரு தட்டுக்கும் பின்னாடி அந்த ஒரு வேளை இருக்கு.

லோமி சாமன்: உப்பு சாமன் மீன், தக்காளி, வெங்காயம், எல்லாத்தையும் கையால பிசைஞ்சு ஜில்லுன்னு தர்றது. கிட்டத்தட்ட மீன் பச்சடி. ஹவாய் கடல்ல சாமனே கிடையாது. 19ஆம் நூற்றாண்டுல அமெரிக்காவோட வடமேற்குக் கரையில இருந்து பீப்பாயில வந்த உப்பு மீன் அது. 'பொய்'க்கு உப்பா ஒரு துணை தேவைப்பட்டது, பிடிச்சுப் போச்சு, இருநூறு வருஷத்துல பாரம்பரியம் ஆயிடுச்சு. நம்ம சாம்பார்ல மிளகாய் இருக்கிற மாதிரி. பிபிகாவுலாங்கிற உலர்ந்த மாட்டுக்கறியும் அப்படித்தான். 1793ல வான்கூவர்ங்கிற கப்பல் தளபதி மன்னருக்கு மாடு பரிசாக் கொடுத்தார். அது காட்டுல பெருகி, மெக்சிகோ பக்கத்து மாடு மேய்ப்பவர்களைக் கூட்டி வந்து அடக்க வேண்டியதாச்சு. அவங்க வழியில வந்த பழக்கம்.

போகே பத்தி நான் அதிகம் சொல்ல வேண்டாம், நம்ம ஊர் கஃபே மெனுவுக்கே வந்தாச்சு. ஆனா அங்க அது சோளமும் மாம்பழமும் மயோனைசும் கொட்டின கிண்ணம் கிடையாது. போகேன்னா துண்டு போடுறதுன்னு அர்த்தம். பச்சை மீன், கடல் உப்பு, லிமுங்கிற கடற்பாசி, வறுத்துப் பொடிச்ச குகுய் கொட்டை. அவ்வளவுதான் பழைய வகை. சோயாவும் நல்லெண்ணெயும் ஆசியக் குடும்பங்கள் சேர்த்தது. சூப்பர் மார்க்கெட் மீன் கவுண்டர்லயே எடை போட்டு வாங்கலாம், பல நேரம் அதுதான் சிறந்தது. 2018ல சிகாகோவைச் சேர்ந்த ஒரு போகே சங்கிலி நிறுவனம், 'அலோஹா'வும் 'போகே'யும் சேர்ந்து வர்ற பேர் எங்களுக்குச் சொந்தம், மாத்துங்கன்னு சின்னக் கடைகளுக்கு வக்கீல் கடிதம் அனுப்பிச்சு. அதுல பூர்வகுடி ஹவாயர்களோட கடைகளும் இருந்தது. அவங்க மொழியிலயே இருக்கிற ரெண்டு சொல். பெரிய போராட்டமே நடந்தது.

ஸ்க்விட் லூஆவ்னு மெனுவுல இருந்தா, அது சேப்பிலையும் தேங்காய்ப்பாலும் ஆக்டோபஸும் சேர்ந்த கூட்டு. பச்சையா, இனிப்பா, விநோதமா இருக்கும். பிடிச்சா ரொம்பப் பிடிக்கும்.

இனிப்புல ரெண்டு. ஹௌபியா, தேங்காய்ப்பால் அல்வாத் துண்டு மாதிரி வெள்ளையா இருக்கும். கூலோலோ, துருவின கலோவும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பல மணி நேரம் வேக வைச்சது. பழுப்பு நிறம், பல்லுல ஒட்டும், தொதல் சாப்பிட்டிருந்தா உடனே அடையாளம் தெரியும். கவாய்ல சூடாக் கிடைக்கும்போது வாங்குங்க.

சைவக் கணவருக்கு இதுல என்ன? 'பொய்', பாயிஐ, ஆவியில வெந்த கலோ, சர்க்கரைவள்ளி, ஈரப்பலா. ஹௌபியாவுலயும் கூலோலோவுலயும் பாலும் முட்டையும் கிடையாது. லூஆவ் கீரை வகையில பெரும்பாலும் கோழியோ ஆக்டோபஸோ இருக்கும், கேட்டுக்கணும். மக்ரோனி சாலட்ல மயோனைஸ் உண்டு. டோஃபு போகே நிறைய இடத்துல கிடைக்கும். உண்மையைச் சொன்னா, ஹவாயன் சாப்பாட்டோட நடுநாயகமே சைவம்தான். சுத்தி இருக்கிறதுதான் அசைவம்.

லோக்கல் ஃபுட்டை வேகமாச் சொல்லிடுறேன். ரெண்டு கரண்டி சோறு, மக்ரோனி சாலட், ஒரு கறி, இது ப்ளேட் லஞ்ச். சோறு மேல பர்கர் கறி, முட்டை, கிரேவி, இது லோகோ மோகோ, 1949ல ஹீலோ ஊர்ல பிறந்தது. டின் கறியைச் சோத்துல கட்டிக் கடற்பாசி சுத்தினது ஸ்பாம் முசுபி, பெட்ரோல் பங்க்ல கூட கிடைக்கும், பஸ் பயணத்துக்கு அருமை. மலசாடா போர்த்துகீசிய போண்டா, சூடா இருந்தா மட்டும் சாப்பிடுங்க. தோட்ட வேலைக்கு வந்தவங்க மதிய இடைவேளையில டிபன் பாக்ஸைப் பகிர்ந்துக்கிட்டதுல இருந்து இந்தத் தட்டு பிறந்ததுன்னு சொல்லுவாங்க. இதையும் சாப்பிடுங்க, ஆனா அஞ்சு நாளும் இதையே சாப்பிட்டுட்டு வந்துடாதீங்க.

எங்க போறது? ஹொனலுலுல கலிஹி பகுதியில ஹெலனாஸ் ஹவாயன் ஃபுட், 1946ல இருந்து நடக்குது. அடுப்புக்கு மேல பிபிகாவுலா தொங்கிட்டு இருக்கும். 2000ல ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கின கடை, ஆனா நம்ம மெஸ் மாதிரி சாதாரணமா இருக்கும். எந்த நாள் திறந்திருக்கும்னு பார்த்துட்டுப் போங்க. 1947ல வைபாஹுல ஆரம்பிச்ச ஹைவே இன் இன்னொண்ணு. கார் இருந்தா ஒவாஹுவோட மழைப் பக்கம் வையாஹோலே 'பொய்' ஃபேக்டரிக்குப் போங்க. கொஞ்சம் முன்னாடி சொன்ன தண்ணி வழக்கு நடந்த அதே பள்ளத்தாக்கு. சூடான கூலோலோ மேல ஹௌபியா ஐஸ்கிரீம் வைச்சுத் தருவாங்க.

ஹோட்டல் லூஆவ் போகலாமா? நான் ஒண்ணுக்குப் போனேன், எந்த ஹோட்டல்னு வேண்டாம். நடனம் நல்லா இருந்தது. 'பொய்' மருந்து மூடி அளவு பிளாஸ்டிக் கப்புல, பஃபே கடைசியில, "தைரியம் இருந்தா முயற்சி பண்ணுங்க"ன்னு சிரிச்சிட்டே கொடுத்தாங்க. உப்பு மீனும் பக்கத்துல இல்ல, சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்ல. அண்ணனைக் கோமாளி வேஷம் போட்டு மேடையில நிறுத்தின மாதிரி இருந்தது. அந்தக் காசுக்கு ஹெலனாஸ்ல ரெண்டு பேர் மூணு வேளை சாப்பிடலாம்.

அதை விட நல்லது ஒண்ணு இருக்கு. மானோவாவுல ஹவாய் பல்கலைக்கழகத்தோட கானேவை கலோ வயல், ஹேஎயாவுல ககோஓ ஓஇவி அமைப்பு மீட்டெடுக்கிற வயல், இங்கெல்லாம் மாசத்துல சில சனிக்கிழமை பொதுமக்களும் வந்து வேலை செய்யலாம். முன்கூட்டியே பதிவு பண்ணிட்டுப் போங்க. முழங்கால் வரைக்கும் சேறு, களை பிடுங்கணும், வரப்பு மிதிக்கணும். மாத்து டிரஸ் அவசியம்.

கடைசியா ஒரு டிப்ஸ். கடையில பையில விக்கிற 'பொய்' வாங்கினா, ரூமுக்குப் போனதும் கிண்ணத்துல மாத்தி, ஓரத்தை வழிச்சு மட்டமாக்கி, மேல ஒரு மெல்லிசு தண்ணி ஊத்தி மூடி வெளியிலேயே வைங்க. ஃப்ரிட்ஜ்ல வைச்சா இறுகிடும். முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் கொஞ்சம், மூணாவது நாள் கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க. உங்களுக்கு எந்த நாள் புளிப்பு பிடிச்சதுன்னு எனக்கு எழுதுங்க. எனக்கு மூணாவது நாள். அடுத்த வாரம் பார்ப்போம்.